ஒரு காதுக்கு வைத்த ஒலி

கொக்குவில் கலியாண மண்டபத்து மேடையில் நின்று சிவரூபன் கிற்றாரை ஒருமுறை மீட்டியபோது, கீழே கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தாள். மண்டபத்தின் நடுவில் இசைக்குழுவின் ஒலியைச் சீர்செய்யும் மிக்சருக்குப் பின்னால் இருந்த ஜெனிற்றா தலையை நிமிர்த்தவேயில்லை. திரையில் அவளுடைய விரல் மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. அவனுடைய ஒலி ஒடுங்கிப்போயிற்று.

இன்னொருக்காவும் குறைச்சுப்போட்டாள் என்று சிவரூபன் நினைத்தான்.

அவன் வடமராட்சிக் கரையில் சொந்தப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறவன். கலியாணம், கோயில் திருவிழா என்று வந்தால் எமில்ராஜின் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பான். போன வருசம் பிரான்சிலிருந்து வந்த தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். ஆனால் உலகத்தில் பெயர்பெற்ற கிற்றார் அம்ப்களின் ஒலியெல்லாம் அதற்குள் இருந்தது. வேண்டியதைத் தெரிந்தெடுத்து, அதற்கு எந்த ஸ்பீக்கர் என்று சொல்லி, அடி ஒலியைக் குறைத்து மேல் ஒலியை ஏற்றி, விரும்பியபடி செய்துகொள்ளலாம். கடலுக்குப் போகாத நாட்களில் அறைக்குள் இருந்து அதையே திருகிக்கொண்டிருப்பான். ஹெட்போனின் ஒரு பக்கத்தை இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வான். மனைவி பத்மாசினி கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று வலது காதைத் திறந்தே விட்டிருப்பான். அப்படி அவன் வைத்த ஒலி அவனுக்குக் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. வெளியில் கொண்டுபோனால் மட்டும் சனத்துக்குப் பிடிக்கவில்லை. போன திருவிழாவில் முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். இன்னொருமுறை அப்படி நடந்தால் கிற்றார் பகுதியையும் தானே கீபோட்டில் வாசித்துவிடப் போவதாக எமில்ராஜ் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

"ஜெனிற்றா, என்ரை சத்தத்தை ஏன் அமத்திறீர்?"

"அமத்தேல்லை அண்ணை. குத்திற இடத்தை மட்டும் வெட்டுறன். இல்லாட்டிப் பாடுற கஜந்தினி அக்காவின்ரை குரல் மேலை வராது."

"எந்த இடம் குத்துது?"

"மேல் ஒலியிலை, நாலாயிரம் ஹேர்ட்ஸுக்குப் பக்கத்திலை."

கோபப்படத்தான் அவன் வாயைத் திறந்திருந்தான். ஆனால் ஒலிக்குள் ஒரு இடம் குத்தும் என்பது கேட்க வினோதமாக இருந்தது. "எனக்கும் ஒருக்காக் காட்டும் பாப்பம்" என்றான். வாசித்ததைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் வசதி பெட்டியில் இருந்தது. சின்னத் துண்டொன்றை வாசித்து அதை ஓடவிட்டுவிட்டு இறங்கிவந்து, ஜெனிற்றாவைப் பார்த்தபடி நின்றான். பெரிய ஸ்பீக்கர் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. மேடையில் ஆளில்லாமல் தன்னுடைய வாசிப்புத் தானாகக் கேட்பது நல்லாய்த்தான் இருந்தது.

"இப்ப ஏத்தியிருக்கிறன்."

"ஓம்."

"இப்ப வெட்டிப்போட்டன்."

"வெட்டிப்போட்டீரோ?"

அவன் பகிடி விடுகிறான் என்று ஜெனிற்றா நினைத்தாள். மறுபடியும் ஏற்றினாள். துணி போடுகிற பெண்கள் சுளித்தார்கள். இறக்கினாள். அவர்களுடைய முகம் இளகியது. சிவரூபனுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவள் இன்னொருமுறை ஏற்றி அப்படியே விட்டாள்.

அந்த நேரம் எமில்ராஜ் வாசலில் நின்று, வான் வண்டியை எங்கே விடுவது என்று கேட்டான். பதில் சொல்வதற்காக சிவரூபன் திரும்பினான். வலது காது ஸ்பீக்கர் பக்கம் வந்தது. தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஏதோ ஒன்று தலைக்குள் இறங்கியது. அவன் பதில் சொல்லாமல் பழையபடி திரும்பினான். கீறல் இல்லை. மறுபடி திரும்பினான். இருந்தது. ஒரு காதைப் பொத்திப் பார்த்தான், பிறகு மற்றதைப் பொத்திப் பார்த்தான்.

ஜெனிற்றா மிக்சரை விட்டு எழும்பி வந்தாள். "அண்ணை, போட்டிலை எஞ்சின் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"பின்னுக்கு. இடப்பக்கம்."

"வருசக்கணக்கா அந்த இரைச்சல் அந்தக் காதுக்குள்ளைதான்" என்றாள் அவள். திரும்பிப்போய், அடியிலிருந்து மேலே ஏறிப்போகிற ஒற்றை விசில் ஒலியொன்றை மெல்லிதாக விட்டாள். அவன் வலது காதைப் பொத்திக்கொண்டான். ஒலி ஏறியது, ஏறியது, மெலிந்தது, இல்லாமல் போனது. முடிந்துவிட்டது என்று கையை எடுக்கப்போனபோது இன்னும் உயரத்தில் ஈர்க்குப்போல மறுபடி வந்தது. நடுவில் ஒரு பள்ளம். தன் தலைக்குள் இப்படியொரு இடம் இருந்தது இவ்வளவு காலமும் தெரியாமல் போயிற்றே என்று வியப்பாக இருந்தது.

"இன்னொருக்கா விடும்" என்றான்.

மூன்றாம் தடவைதான் பயம் வந்தது. வேறு எதெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்திருக்கும்? மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் பத்மாசினி எப்போதும் அவனுடைய வலது தோளுக்கு மேலாகத்தான் கதைப்பாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வெளியே மதில் ஓரம் போய்நின்று அவளுக்கு அழைப்பெடுத்தான்.

"நீ ஏன் எப்பவும் வலப்பக்கமாக் கதைக்கிறனீ?"

"இதைக் கேக்கவோ எடுத்தனீங்கள்?"

"சொல்லு."

"இடப்பக்கம் சொன்னா உங்களுக்குப் பாதிதான் விளங்கும். அதுதான்."

"எவ்வளவு காலமா?"

அவள் யோசித்தாள். "பிள்ளை பிறக்க முதலே அப்பிடித்தான். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான்."

ரயில் ஒன்று கடந்துபோனது. அது போய் முடிந்ததும், பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தான்.

உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினான். "நான் திருகிறன். குத்திறது போனா உடனை சொல்லும்." அவள் சொல்லச் சொல்ல மேல் ஒலியை இறக்கினான். பிறகு, "நடுவிலை உள்ளதை நீர் கனக்க வெட்டியிருக்கிறீர். அது எனக்கு வடிவாக் கேக்கும். அதை விடும்" என்றான். அவள் விட்டாள். கேட்டாள். தலையைச் சாய்த்து இன்னொருமுறை கேட்டாள். "ஓம் அண்ணை, உது நல்லாப் பொருந்துது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள். அவன் தலையாட்டினான். எமில்ராஜிடம் தானே போய்ச் சொன்னான். எமில்ராஜ் கீபோட் வயரைச் சுற்றுவதை விட்டுவிட்டு அவனுடைய காதைப் பார்த்தான். "அப்ப இண்டைக்கு?" என்று கேட்டான். "இண்டைக்கு வாசிக்கிறன்" என்றான் சிவரூபன்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. கஜந்தினி சரணத்தை முடித்துவிட்டு மைக்கிலிருந்து விலகி, அவனுக்கு இடம்விட்டாள். அவன் வாசிக்கத் தொடங்கினான். இடப்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து அவனுக்குக் கேட்டது நனைந்த சாக்கால் மூடியதுபோன்ற ஒலி. அதனால் தன் கையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்தான். முன்வரிசையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. முகம் சுளிக்காமல், இந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுபோல அவள் மேடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்தாள். கரண்டியில் இருந்தது உருகி, ஒரு துளி அவளுடைய சேலையில் விழுந்தது.