ஷட்டர் வாலை ஆட்டிய காலை

ஐஸ் பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறும்போது நாய் குறுக்கே வந்து நின்றது. முன்னால் பிடித்திருந்தவர் காலால் ஒதுக்கிப் பார்த்தார். அது ஒதுங்கவில்லை. அனிட்டா குனிந்து அதன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெட்டி உள்ளே போயிற்று. கூடத்தில் பெஞ்சின் மேல் வைத்து, பிளக்கை மாட்டி, அப்பாவை உள்ளே கிடத்திக் கண்ணாடி மூடியைச் சாத்தினார்கள்.

பிடியை விட்டதும் நாய் நேராகப் பெட்டிக்குப் போனது. முன்னங்கால்களைப் பெஞ்சில் ஊன்றி எழுந்து, கண்ணாடியில் மூக்கை வைத்தது. வால் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தியாடி இத? சோறு போட்டவன் பொணமா கெடக்கான், இது வால ஆட்டிக்கிட்டு நிக்குது. நன்றியாம் நன்றி!" என்றாள் லூர்துமேரி அத்தை. அப்பாவின் அக்கா. நாகப்பட்டினத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு பேத்தியோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள்.

அனிட்டா வாலைப் பார்த்தாள். பட்டுக்கோட்டையில் அரசு கால்நடை மருத்துவர் அவள். நாயின் வால் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தாழ்ந்து, முக்கால்வாசி கால்களுக்கிடையில் போய், நுனி மட்டும் வேகவேகமாக இடது பக்கம் துடித்துக்கொண்டிருந்தது.

அம்மா இருதயம் டீத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். "வாங்க அண்ணி. வழியில ஏதாச்சும் சாப்டீங்களா? பாப்பாவுக்குப் பால் ஆத்தட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அப்படித்தான். யார் வந்தாலும் எழுந்து போய்க் கையைப் பிடித்து, பஸ் கிடைத்ததா, வெயிலாக இருந்ததா என்று விசாரித்தாள். அத்தை டீயை வாங்கிக்கொண்டு, நாயைப் பார்த்த அதே பார்வையால் அம்மாவையும் பார்த்தாள்.

அப்பா வேதநாயகத்துக்கு எழுபத்திரண்டு வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். புது ஆற்றின் மதகுகளில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாக முப்பத்தைந்து வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் தினம் இரண்டு வேளை கரையில் நடந்து தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போனபோது, இறக்கியிருந்த ஒரு ஷட்டரின் அடியில் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அதனால் அதற்குப் பெயரும் ஷட்டர்தான்.

போன வருஷம் லீவில் வந்திருந்தபோது அனிட்டா அவரிடம் ஒன்று சொன்னாள். நாய் தனக்குப் பிடித்தவர்களைப் பார்த்தால் வாலைக் கொஞ்சம் வலது பக்கமாக ஆட்டும், பயமோ சந்தேகமோ இருந்தால் இடது பக்கமாக ஆட்டும், ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று. அப்பா அதைச் சும்மா விடவில்லை. ஒரு வாரம் கவனித்துவிட்டு போன் செய்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. ஒங்கம்மா வந்தா வலது பக்கம். கரண்டு ரீடிங் எடுக்க வர்றவரு வந்தா எடது பக்கம். அத்தன வேகமா ஆட்டுது, அவரு பாசம்னு நெனச்சுத் தடவிக் குடுக்க வர்றாரு. 'வேணாங்க, அது பயத்துல ஆட்டுது'ன்னு நான் புடிச்சுக்கிட்டேன்."

"ஒங்களப் பாத்தா எந்தப் பக்கம்ப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "என்னப் பாத்தா பக்கமே இல்லம்மா. சுத்துது. காத்தாடி மாதிரி."

பதினோரு மணிவாக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் பெட்டியின் அடியில் போய் நின்றுகொண்டு, வருகிற கால்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தையின் பேத்திக்கு ஐந்து வயது. பெரியவர்களின் முழங்கால்களுக்கிடையில் புகுந்து போய், "நாய்க்குட்டி" என்று கையை நீட்டினாள். அனிட்டா திரும்பிப் பார்த்தபோது வால் நிலை மாறியிருந்தது. குச்சி போல மேலே நின்று, சின்னச் சின்னதாக அசைந்தது.

"தொடாத!"

அவள் போட்ட சத்தத்தில் ஜெபம் நின்றுவிட்டது. பாய்ந்து போய்க் குழந்தையை இழுத்தாள். நாயின் பல் அவள் புடவை முந்தானையில் பட்டுக் கிழித்துவிட்டு விலகியது. குழந்தை வீறிட்டு அழுதது.

"வால ஆட்டிச்சு! வால ஆட்டுனா ஃபிரண்டுன்னு மிஸ் சொன்னாங்க!"

"இல்லடா கண்ணு. பயந்தாலும் ஆட்டும். கிட்ட வராதன்னு சொல்றதுக்கும் ஆட்டும். ஆட்டுறதெல்லாம் சந்தோஷம் இல்ல."

"பாடம் அப்பறம் நடத்து. மொதல்ல அத எங்கயாச்சும் கொண்டுபோய்க் கட்டு" என்றாள் அத்தை.

எதிர்வீட்டு பாசித் முன்னால் வந்தார். ஆடு வளர்க்கிறவர், அப்பாவோடு தினமும் கரையில் நடப்பவர். "நான் கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. என் கொட்டாயில கட்டி வக்கிறேன்" என்று கயிற்றைப் போட்டு அழைத்துப் போனார். ஷட்டர் குரைக்கவில்லை. தெருவைக் கடக்கும்வரை தலையைத் திருப்பியபடியே போனது.

அனிட்டா நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். மகளைக் கண்ணால் உள்ளே கூப்பிட்டாள்.

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியால் அதைக் கலக்கியபடியே கேட்டாள். "இப்ப நீ சொன்னது நெசமாடி? ஆட்டுறதெல்லாம் சந்தோஷம் இல்லன்னு?"

"ஆமாம்மா. எதுக்குக் கேக்குற?"

"காலையில ஆறரை இருக்கும். நான் இங்க நிக்கிறேன். அது கொல்லையிலேந்து வந்து என் காலுகிட்ட நின்னு வால ஆட்டுச்சு. பசிக்குதுபோலன்னு பழைய சோத்தப் போட்டேன். திங்கல. கொல்லைக்கு ஓடிச்சு, திரும்பி வந்துச்சு. மறுபடி ஆட்டுச்சு. மூணு தடவ அனிட்டா. மூணாவது தடவ என் சேலையக் கடிச்சு இழுத்துச்சு. வெளையாடுதுன்னு நெனச்சேன். போடா சனியனேன்னு இந்தக் கரண்டியால அடிச்சேன்."

அனிட்டா அந்தக் கரண்டியைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்குக் காப்பி எடுத்துக்கிட்டுப் போறேன். முருங்கமரத்தடியில சேர்ல சாஞ்சிருக்காரு. கீரைக்குத் தண்ணி விட்ட ஓஸு அப்படியே ஓடிட்டுக் கெடக்கு." அம்மாவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "நீ படிச்சவ. எனக்குச் சொல்லு. அது எதுக்கு ஆட்டுச்சு?"

ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் அரை மணி நேரம். பசியில் ஆட்டியிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் சோற்றைப் போட்டும் தின்னவில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாள். பதில் தெரிந்தவளிடம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கூப்பிடத்தான் வந்திருக்கும்மா."

கரண்டி நின்றது.

"ஆனா அது மொதத் தடவ வந்தப்பவே அப்பா போயிட்டாரு. உக்காந்த நிமிஷமே போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. நீ ஓடிப் போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நெஞ்சடைப்பு என்றார், கையெழுத்துப் போட்டார், போனார்.

"சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். டம்ளர்களில் டீயை ஊற்றித் தட்டில் அடுக்கி, அதே சிரிப்போடு கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். அப்பாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள். ஜெபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, ஒவ்வொருவராக நெற்றியில் முத்தமிட்டார்கள். மூடியை எடுக்கக் கை வைத்தபோது அம்மா சொன்னாள்:

"ஷட்டர் எங்க?"

"இருதயம், இப்ப போயி எதுக்கு அது? சாமியார் நிக்கிறாங்க" என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அண்ணி. மொதல்ல பாத்தது அதுதான்." அம்மா கூட்டத்துக்கு அப்பால் பார்த்தாள். "பாசித்து, அத அவுத்துக்கிட்டு வாப்பா."

சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

பாசித் கூட்டி வந்தார். ஷட்டர் ஓடவில்லை. பெட்டியருகே வந்து எழுந்து நின்று, இந்த முறை கண்ணாடி இல்லாமல், அப்பாவின் கையை முகர்ந்தது. விரல் விரலாக முகர்ந்தது. சட்டையின் கைமடிப்பை, கழுத்தை, காதோரத்தை முகர்ந்தது. வால் முதலில் இடது பக்கமாகத் துடித்தது. பிறகு இரண்டு பக்கமும் மெதுவாக அசைந்தது. மறுபடி கைக்கு வந்து, அங்கேயே மூக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. வால் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

அது கால்களைக் கீழே இறக்கிப் போய், அம்மாவின் பாதங்களின் மேல் படுத்தது.

அம்மா முகத்தில் காலையிலிருந்து இருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. அனிட்டா தோளைப் பிடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லூர்துமேரி அத்தை எல்லாருக்கும் முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆறு மணி ஆகியிருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அனிட்டா வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து வெளியே வந்தபோது, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கம்மா?"

"இத ஒரு நட கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். காலையிலேந்து எங்கயும் போகல அது."

"நான் வர்றேன் இரு. ஒனக்குக் காலு முடியாது."

"வேணாண்டி. இந்தா, அந்தப் பாலம் வரைக்கும்தான்."

அம்மா இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கரைப்பக்கம் நடக்கப் போனதில்லை. அனிட்டா வாசலிலேயே நின்றாள். ஆற்றில் தண்ணீர் விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் குறுவை நட்ட வயல்கள் வெளிச்சம் போகும் நேரத்தில் தண்ணீராக மட்டும் தெரிந்தன. அம்மா இடது காலைச் சாய்த்துச் சாய்த்து மெல்ல நடந்தாள். அப்பாவின் வேக நடைக்குப் பழகிய நாய் விறுவிறுவென்று முன்னால் போயிற்று. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தது. அம்மா வந்து சேரும்வரை நின்றது. பிறகு அவள் பக்கத்திலேயே, அவள் நடக்கிற மாதிரி நடந்தது.