தட்டில் செத்தது

அண்ணனின் குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சைத் தங்கை தண்ணீரால் நனைத்து நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்தே மூச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது. அண்ணி கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினவன். குதிகாலில் கறுப்பாக ஒன்று தடித்தபோது, செருப்பு உரசி வந்த காய்ப்பு என்று இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நுரையீரல் வரை போயிருந்தது. தங்கை வேலை பார்த்ததோ அதே நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில். ஒரு செடியின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்த சாறு புற்றுச் செல்களைத் தாங்களாகவே சாக வைக்கிறது என்று முன்பு ஒருநாள் வீட்டில் விளக்கியிருந்தாள். "அப்போ உன் வேர் மேல தற்கொலைக்குத் தூண்டின கேஸ்தான் போடணும்" என்று சிரித்தவன் அவன்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு அண்ணி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அந்த வேர்ச் சாறுல கொஞ்சம் எடுத்துட்டு வாயேன். யாருக்குத் தெரியப் போகுது?"

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் செல்லைக் கொல்வது வேறு, உடம்புக்குள் போனால் கல்லீரலையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம், எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அண்ணி பாத்திரத்தைத் துலக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அந்தச் சனிக்கிழமை மாலை நாலரைக்கு அவன் இறந்தான். மறுநாள் அடக்கத்தின்போது, "கையிலயே மருந்தை வச்சுக்கிட்டு..." என்று பின்னால் யாரோ ஆரம்பித்தார்கள். அவள் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்கள். வீடு திரும்பியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அவள் பக்கம் யாரும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்கவும் ஆளில்லை.

ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. தன் சாவியால் திறந்தாள். குதிகாலில் வெட்டியெடுத்த கட்டியை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தான். சாட்சிக் கையெழுத்து அண்ணியுடையது. அதிலிருந்து வளர்த்த செல்களில்தான் வெள்ளிக்கிழமை அவள் சாற்றை விட்டிருந்தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

நுண்ணோக்கியில் குனிந்தாள். தட்டோடு ஒட்டிப் பரந்து கிடந்தவை எல்லாம் சுருங்கி, உருண்டு, பிடிப்பு விட்டு மிதந்தன. ஆறு வருடத்தில் இவ்வளவு தெளிவான பலனை அவள் பார்த்ததில்லை. நோட்டில் தேதியை எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

போன் அடித்தது. அண்ணி.

"அங்கதான் இருக்கியா?"

"ஆமா அண்ணி."

"அவரு குடுத்தது... அது செத்துச்சா?"

அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.

"செத்துடுச்சு அண்ணி."

அண்ணி போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தது.