சல்லடை என்றொரு பெயர்

கெட்டில் பே என்ற எங்கள் ஏரிக்கரை ஊரில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஹெரன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி நல்லதாக ஒரு சொல் பேசியவர் யாரும் இல்லை. திட்டியவர்களில் ஆர்மண்ட் கிவெலா பேசியது மட்டும் ஊர் முழுக்கப் பரவியது.

ஆர்மண்ட் ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் பெரிய மளிகைக் கடையில் இறைச்சிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். திங்கட்கிழமை சாயங்காலங்களில் உள்ளூர் வானொலியில் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆர்மண்ட் கூப்பிடாமல் அது முடிந்ததில்லை. அவர் பேச ஆரம்பித்தால் லாரி ஓட்டுகிறவர்கள் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். அப்படி ஒரு பேச்சு அவருக்கு.

பருவம் நன்றாகத்தான் தொடங்கியது. அக்டோபரில் வரிசையாக வெற்றிகள். நவம்பரில் கேப்டன் ஓக்ஸ் மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அதோடு முன்வரிசை படுத்துவிட்டது. தடுப்பில் நின்ற பெல்கிக்கு வயதாகிவிட்டது. அவன் திரும்புவதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் விடுவான் என்று ஆர்மண்டின் நண்பர் வெண்டல் சொல்வார். ஆனாலும் பழியெல்லாம் கோல்கீப்பர் தலையில்தான் விழுந்தது. ஐவார்ஸ் பெர்க் என்று பெயர். லாத்வியாவிலிருந்து அந்த வருஷம்தான் வந்தவன்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, நிகழ்ச்சி நடத்தும் டென்னி, புது கோல்கீப்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஆர்மண்டைக் கேட்டான்.

"எங்க வீட்டுல மாவு சலிக்கிற சல்லடை ஒண்ணு இருக்கு டென்னி. அதைக் கொண்டுபோய் வலைக்கு முன்னாடி கட்டிவிடு. இவனைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் உள்ள விடும்" என்றார் ஆர்மண்ட்.

டென்னி சிரித்துச் சிரித்து அடுத்த அழைப்பையே எடுக்க முடியாமல் போனான். அடுத்த ஆட்டத்தில் ஐவார்ஸின் கால்களுக்கு நடுவே முதல் கோல் போனதும் கிழக்குப் பக்க இருக்கைகளிலிருந்து கைதட்டலோடு கூச்சல் கிளம்பியது: சல்ல-டை, சல்ல-டை. இரண்டாவது கோலுக்கு அரங்கமே சேர்ந்துகொண்டது. யாரோ வீட்டிலிருந்து நிஜச் சல்லடையே கொண்டுவந்து தலைக்கு மேலே ஆட்டினார்கள். வெண்டல் ஆர்மண்டின் தோளில் தட்டி, "உனக்குச் சிலைதான்டா வைக்கணும்" என்றார். அன்றைக்கு ஆர்மண்டுக்குப் பெருமையில் பீர்கூட இறங்கவில்லை.

அதே குளிர்காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஓர் இளம்பெண் இறைச்சிப் பகுதிக்கு வருவாள். தள்ளுவண்டியில் நான்கு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஊர் மொழி அவ்வளவாக வராது. முதல் நாள் புகைபோட்ட பன்றி இறைச்சி வேண்டுமென்று சொல்ல, மூக்கால் முகர்ந்து, கையால் புகை போவதுபோல் காட்டினாள். ஆர்மண்ட் சிரித்தார், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கென்று நல்ல துண்டாக ஒன்றை வெட்டாமல் முழுசாக எடுத்துவைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் அதே இறைச்சியைப் பட்டாணியோடு சேர்த்து வேகவைத்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். மதியம் அதைச் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் எனக்கு இப்படி யாரும் செய்து தந்ததில்லை என்று மனைவி லோர்னாவிடம் சொன்னார். இல்ஸே என்று அவள் பெயர் தெரியும், குழந்தை டார்த்தா என்று தெரியும். கணவன் அடிக்கடி வெளியூர் போகிறவன் என்று அவள் சொல்லியிருந்தாள். லாரி ஓட்டுகிறவனாக இருக்கும் என்று இவராக நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் ஹெரன்ஸ் சொந்த மைதானத்திலேயே கேவலமாகத் தோற்றிருந்தது. காலையிலேயே வெண்டல் வந்து கண்ணாடிப் பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். பெல்கியை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றார் அவர். பெல்கியை விடு, வலைக்கு முன்னால் நிற்கிறவன் எதிராளி அடிக்கும் வட்டு வருவதற்கு முன்பே மண்டி போட்டுவிடுகிறானே என்றார் ஆர்மண்ட். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு தட்டை மார்பில் பிடித்துக்கொண்டு, கோல்கீப்பர் மாதிரியே கால்களை அகட்டித் தொப்பென்று மண்டி போட்டுக் காட்டினார். "நம்ம சல்லடை கோயிலுக்குப் போயிருந்தா நல்ல பக்திமானா வந்திருப்பான்" என்றார் தரையிலிருந்தபடியே.

வெண்டல் விழுந்து விழுந்து சிரித்தார். ஆர்மண்ட் எழுந்து பார்த்தபோது வெண்டலுக்குப் பின்னால் இல்ஸே நின்றுகொண்டிருந்தாள்.

வண்டியில் இருந்த குழந்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சல்லடை எங்க அப்பா" என்றது.

வெண்டலின் சிரிப்பு நின்றது. அவர்களுக்குப் புரியவில்லை போலும் என்று குழந்தையே விளக்கியது: "அது எங்க அப்பாவோட செல்லப் பேரு. அம்மா சொன்னாங்க. எல்லாரும் கை தட்டிக் கூப்பிடுவாங்க. நானும் கூப்பிடுவேன்."

வெண்டல் ரொட்டி வாங்க வேண்டும் என்று முனகிக்கொண்டு நகர்ந்துவிட்டார். இல்ஸேயின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கோபப்படுவாள் என்று ஆர்மண்ட் காத்திருந்தார். அவள் கோபப்படவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாக அவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்த ஆட்டலுக்கு அர்த்தம். தன் கணவனைக் கேவலப்படுத்தியவனிடமே அவள் கெஞ்ச வேண்டியிருந்தது.

"நல்ல பேருதான் கண்ணு" என்றார் ஆர்மண்ட்.

எடுத்துவைத்திருந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, எப்போதும்போல நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் சின்னக் கடைக்குப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் ஆர்மண்டுக்கு அந்தப் பட்டாணி டப்பா நினைவுக்கு வந்தது. லோர்னாவிடம் சொல்ல வாயெடுத்து ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வானொலிக்குக் கூப்பிட்டு, தப்பு கோல்கீப்பருடையது இல்லை, தடுப்பாட்டம் சரியில்லாமல் அவன் ஒருத்தன் மட்டும் என்ன செய்வான் என்று பேசிப் பார்த்தார். டென்னி விடவில்லை. "ஆர்மண்ட், உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, பழைய சல்லடைப் பேச்சை ஒலிப்பதிவிலிருந்து எடுத்து மறுபடி போட்டான். தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காமல் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அரங்கத்தில் கூச்சல் கிளம்பும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் வேண்டாம் விடுங்கள் என்பார். யாரும் கேட்கவில்லை.

"பேரு வெச்சது நீ. இப்ப நீ நிறுத்துன்னா ஊரு நிறுத்துமா?" என்று கேட்டார் வெண்டல். அதில் கேலிகூட இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மார்ச் மாதம் ஒரு நாள், கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஐவார்ஸ் தனியாக வந்தான். முகமூடியும் கவசமும் இல்லாமல் பார்த்தால் ஒல்லியான பையன்போல இருந்தான். புகைபோட்ட இறைச்சி கேட்டான். இங்கேதான் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்களாம். ஆர்மண்ட் எடுத்துக் கொடுத்தார். அவனிடம் சொல்வதற்கென்று எத்தனையோ சொற்களை அடுக்கிவைத்திருந்தார்.

"நான் ரேடியோல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றான் ஐவார்ஸ். "நீங்க சொன்னது சரிதான். நான் சீக்கிரமே மண்டி போட்டுடுறேன். இடுப்புல அடி. நின்னுக்கிட்டே தடுக்க முடியல. வெளிய சொன்னா அடுத்த வருஷம் யாரும் எடுக்க மாட்டாங்க" என்றான்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னை எல்லா ஊர்லயும் திட்டியிருக்காங்க. அது பரவாயில்ல." பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். ஏப்ரல்ல நாங்க ஊருக்குப் போறோம். அதுவரைக்கும் அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு டார்த்தாவுக்குத் தெரிய வேண்டாம். உங்களைப் பார்த்ததுலேருந்து, அப்பா பேரு நல்ல பேருன்னு இறைச்சிக்கடை மாமா சொன்னாருன்னு சொல்லிக்கிட்டிருக்கா. அதைக் கெடுத்துடாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்மண்ட் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். போகாமலிருப்பது ஓடி ஒளிவதுபோல் பட்டது, அதனால் போனார். ஹெரன்ஸ் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது என்பது முன்பே முடிவாகிவிட்டது. ஆனாலும் அரங்கம் நிறைந்திருந்தது. கடைசியாக ஒருமுறை கத்தித் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த கூட்டம் அது. வீரர்களின் குடும்பங்கள் உட்காரும் இடம் அவர் இருக்கைக்கு நான்கைந்து வரிசை கீழே. இல்ஸே நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பகுதியில் பெல்கி வட்டைத் தவறவிட்டான். எதிராளி தனியாக வந்தான். ஐவார்ஸ் மண்டி போட்டான், வட்டு அவன் தோளுக்கு மேலே போய் வலையைத் தொட்டது. அரங்கம் எழுந்து நின்று சல்லடைக் கூச்சலை ஆரம்பித்தது.

டார்த்தா இருக்கை மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, அவர்களோடு சேர்ந்து கத்தினாள். கத்திக்கொண்டே பின்னால் திரும்பினாள். ஆர்மண்டைப் பார்த்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். குழந்தையின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. ஏன் இவர் மட்டும் அப்பாவைக் கூப்பிடவில்லை என்று புரியாமல் பார்த்தாள். பிறகு, வாங்க, நீங்களும் சொல்லுங்க என்று கையை ஆட்டினாள்.

இல்ஸேயும் திரும்பிப் பார்த்தாள்.

ஆர்மண்ட் எழுந்தார். கைதட்டினார். குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தொண்டை கிழிய, "சல்ல-டை, சல்ல-டை" என்று கத்தினார். டார்த்தா குதித்தாள். வெண்டல் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இப்பத்தான்டா பழைய ஆர்மண்ட்" என்றார். கீழே பனித்தரையில் முகமூடி போட்ட தலை ஒன்று அவர்கள் பக்கம் நிமிர்ந்தது. ஐவார்ஸ் மகளைப் பார்த்து மட்டையைத் தூக்கிக் காட்டினான். அவள் மூச்சு வாங்கி உட்காரும்வரை ஆர்மண்ட் நிறுத்தவில்லை. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் குரல் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியபோது லோர்னா, ஜெயித்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"அப்புறம் யாருக்காக இப்படிக் கத்திட்டு வந்திருக்க?" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். "லோர்னா, இரு. பட்டாணி டப்பா குடுத்த பொண்ணைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.