எண்ணெய்க் கட்டு

விளக்கு வைத்ததும் சுதாகரன் எண்ணெய்ச் சட்டியைச் சூடாக்கிக் கொண்டுவந்து என் முன்னால் சம்மணமிட்டு உட்காருவார். நான் இடது கையை நீட்டுவேன். மணிக்கட்டில் எண்ணெயை ஊற்றி, பெருவிரலால் எலும்பைத் தேடித் தேடித் தடவுவார். புருசன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா வாய்விட்டே சொல்லிவிட்டா. எனக்கோ அந்த விரல் எப்போது எடுபடும் என்றிருக்கும்.

அந்தக் கையை முறித்தவரும் அவர்தான். போன மாரிக்கு முன், விடியற்காலையில் வாவியில் வலை எடுக்கப் போயிருந்தோம். இவருடைய இடத்தில் சிவதர்ஷனின் வலை கிடந்தது. அவனும் தோணியில் வந்து சேர, வாய்த்தர்க்கம் முற்றியது. இவர் தோணி வலிக்கும் சவள் துடுப்பை ஓங்கினார். நான் குறுக்கே கையைக் கொடுத்தேன். முதல் அடி எனக்கு விழுந்தது, இரண்டாவது அவன் தலையில். அவன் பிணத்தைச் சுமந்தபடி தோணி தானாகவே மிதந்துபோய்க் கண்டல் பற்றைக்குள் நின்றது. பார்த்தது நான் மட்டும்தான்.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியை யார் நினைக்கிறார்கள்? எண்ணெய்க் கட்டுத்தான். அதிலும் என் மாமனார் பேர்போன முறிவு வைத்தியர், மகனுக்கும் கைராசி உண்டு. இவரே வீட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். கேட்டவர்களுக்குத் தோணியில் வழுக்கி விழுந்தேன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

பழைய பகை ஊருக்கே தெரியும் என்பதால் பொலிஸ் இவரைத்தான் பிடித்தது. பல மாதம் உள்ளே இருந்து பிணையில் வந்தார். சாட்சிகளை அண்டக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். நான் பெண்சாதி, சாட்சிகளில் சேர்த்தியில்லை. அதனால் நேரே என்னிடம் வந்துவிட்டார். வந்ததிலிருந்து ஒரு கடுஞ்சொல் கிடையாது. முன்பெல்லாம் சோறு குழைந்தாலே கோப்பை பறக்கும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சிவதர்ஷனின் தாய் அன்னப்பூரணி சந்தையில் என்னைக் கண்டால் ஒன்றும் கேட்கமாட்டா. பார்த்துக்கொண்டு நிற்பா, அவ்வளவுதான். அதைத் தாங்கமாட்டாமல்தான் இன்று காலை அரச தரப்புச் சட்டத்தரணி பர்ஸானாவிடம் போனேன்.

"புருசனுக்கு எதிரா உங்கள நான் கூப்பிட ஏலாது. சட்டம் விடாது," என்றார். கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு அவர் அடிச்சிருந்தா அது வேற. அந்தக் குற்றத்தையும் சேர்த்து வழக்கு வச்சா நீங்க பேசலாம். அண்டைக்கு உங்களுக்கு ஏதும் காயமா?"

கையை மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு மேடில்லை, கோணலில்லை. எந்தக் கை முறிந்தது என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"எக்ஸ்ரே படம் எடுத்தா முறிஞ்ச தடம் தெரியும். நாளைக்குக் காலம வாங்க, அனுப்பி எடுப்பிக்கிறன்," என்றார்.

வீட்டுக்குத் திரும்ப ஆரையம்பதி பஸ் ஏறியபோது பயத்தோடு சந்தோசமும் இருந்தது. மறைத்துச் சொல்வானேன்.

விளக்கு வைத்ததும் இவர் வழமைபோல வந்து உட்கார்ந்தார். சட்டிக்குப் பக்கத்தில் இன்று சீலைத்துண்டும் இரண்டு மூங்கில் பத்தையும் இருந்தன.

"கோட்டுப் பக்கம் போனியாம்."

"ஓம்."

"மறுகா? இனி என்ன?"

"நாளைக்கும் போவன்," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. நான் நீட்டிய இடது கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே திருப்பி வைத்தார்.

"அது சுகம் புள்ள. மத்தக் கையத் தா."

"அதுக்கு ஒண்டுமில்லையே."

"ஓம்," என்றார்.

வலது கையைத் தானே எடுத்துக்கொண்டார். இளஞ்சூட்டு எண்ணெயை மணிக்கட்டில் ஊற்றித் தடவினார். பிறகு பத்தை ஒன்றை எடுத்து முழங்கையிலிருந்து கீழே வைத்து அளந்து பார்த்தார். சற்று நீளமாக இருந்தது. கத்தியை எடுத்து அதன் நுனியைப் பொறுமையாகச் சீவத் தொடங்கினார். மூங்கில் சீவல்கள் ஒவ்வொன்றாக என் மடியில் விழுந்தன.