பசை போடாத கப்பல்

எங்கள் தேவாலயத்தில் கடலுக்குப் போகிறவர்களின் நினைவாகக் கூரையிலிருந்து தொங்கிய சிறிய மரக்கப்பல் உளுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே அதன் பாய்மரம் ஒன்று முறிந்து டோர்கில்லின் மடியில் விழுந்தது. டோர்கில் சபைக் குழுவின் தலைவர். வேறு யார் மடியில் விழுந்திருந்தாலும் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

கப்பலை இறக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினோம். கூரையில் கொக்கி மட்டும் மிச்சம். இந்தத் தீவில் கடலுக்குப் போகாத குடும்பம் கிடையாது. தலைக்கு மேல் கப்பல் இல்லாத கோயிலில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் கழுத்து வெறுமையாக இருப்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் ரெக்னர் குழுவுக்கு வந்தான். எங்கள் தீவின் ஒரே பேருந்தை ஓட்டுகிறவன். கூடவே அவன் மனைவி மெரெட்டே. இருவரும் ஒரு நீளப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்கள்.

மூன்று பாய்மரங்கள் வைத்த ஒரு கப்பல். கறுப்பு உடல், நீர்மட்டத்துக்குக் கீழே செம்பழுப்பு, மேல்தளம் வெளிர்மஞ்சள். அத்தனையும் லெகோ, பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் கட்டைகளைப் பொருத்தும் குமிழ் தெரியும். வயிற்றின் வளைவுக்காகக் கட்டைகளைப் படுக்கப் போட்டு, குமிழ்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி அடுக்கியிருந்தார்கள். பாய்கள் மட்டும் துணி, மெரெட்டே தைத்தது.

"பிளாஸ்டிக்கா? கர்த்தருடைய வீட்டுலயா?" என்றார் டோர்கில்.

"மின்விளக்கும்தான் வேதத்துல இல்ல," என்றாள் எங்கள் போதகர் சிசெல். "எனக்குப் பிடிச்சிருக்கு. எலினோர், நீங்க என்ன சொல்றீங்க?"

"முன்னாடி இருந்ததைவிட இது கப்பல் மாதிரி இருக்கு," என்றேன். நான் அந்தக் குழுவில் வயதில் மூத்தவள். என்னிடம் கேட்டுவிட்டு அவரவர் நினைத்ததைச் செய்வார்கள்.

டோர்கில் விரலால் பாய்மரத்தைத் தட்டினார். அது லேசாக ஆடியது. மறுபடி தட்டினார். ஒரு சின்ன விளக்குக் கட்டை கழன்று மேசைமேல் உருண்டது.

"பாத்தீங்களா! இது கீழ இருக்கறவங்க மண்டைல விழும். பசை போட்டு ஒட்டிக் குடு, தொங்கவிடலாம்."

"பசை போட மாட்டேன்," என்றான் ரெக்னர்.

"ஏன்?"

"போடக் கூடாது. வெட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது, ஒட்டக் கூடாது. இதைக் கட்டறவங்க எல்லாருக்கும் இதான் முறை. பசை போட்டா அது செத்த கட்டை. மறுபடி எதுவும் ஆக முடியாது."

"அது கப்பலா தொங்கப் போகுது. அப்புறம் எதுக்கு வேற எதுவாவது ஆகணும்?"

ரெக்னர் உருண்ட விளக்குக் கட்டையை எடுத்து மறுபடி பொருத்தினான். காதுமடல் சிவந்தது. மெரெட்டே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் காரணம் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும் நானும்தான்.

மெரெட்டே தீவை விட்டுப் போகப் போகிறாள். ஸ்வென்போர் நகரத்தில் ஒரு கம்பளிநூல் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஒரு அறை. இலையுதிர்காலம் முதல். சென்ற வாரம்தான் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்.

"சண்டையா?" என்று கேட்டிருந்தேன்.

"சண்டை போட்டாலாவது பரவால்லையே! எங்க வீட்டுல என்ன பேச்சு நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? 'அந்த ரெண்டுக்கு நாலு கறுப்புக் கட்டையை எடு.' 'இதுவா?' 'அது இல்ல, மெல்லிசு.' 'இந்தா.' 'ம்.' அவ்வளவுதான். காலைல இருந்து படுக்கற வரைக்கும் இதேதான். எங்கம்மா செத்த அன்னைக்குச் சாயங்காலம் நான் அழுதுட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்தான். ஏதோ சொல்லப் போறான்னு பாத்தேன். 'முன்பக்க வளைவை மாத்திப் பாக்கலாமா'ன்னான்."

"அது அவன் ஆறுதல் சொன்ன விதமா இருக்கும்டி."

"தெரியும் எலினோர். தெரிஞ்சதாலதான் இத்தனை வருஷம் இருந்தேன். இப்ப சொல்லாமலே தெரிஞ்சுக்கறது அலுத்துப்போச்சு."

அந்தக் கப்பலில் பாதிக் கட்டைகள் அவளுடையவை. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இருந்தவை, அவள் அண்ணனுடையவை. பிரியும்போது பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் ரெக்னர் மனதில் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தான் என்று நினைக்கிறேன்: பசை போடாதவரை, என்றைக்காவது அதைப் பிரிக்க இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

"சரி, அப்ப கப்பல் வேண்டாம்," என்று டோர்கில் பெட்டி மூடியை எடுத்தார்.

"இருங்க," என்றான் ரெக்னர். "நீங்க நினைக்கற மாதிரி வெளிய தடவி ஒட்ட முடியாது. பசை கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல போகணும். ஒட்டணும்னா முழுசாப் பிரிக்கணும். மறுபடி ஒவ்வொண்ணா வச்சு ஒட்டிக்கிட்டே வரணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு குளிர்காலம். ரெண்டு பேர் வேணும்." மெரெட்டேயைப் பார்க்காமல் சொன்னான். "செய்யறேன்."

எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். 'பசை போட்டா செத்த கட்டை' என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை. டோர்கில்லின் காப்பிகூட ஆறியிருக்கவில்லை. என்னவானாலும் ஒட்டும் வேலையை யாராவது மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றார் டோர்கில். வேலையில்லாத கிழவி நான்தானே, என் பேரை எழுதினார்கள்.

வெளியே வந்ததும் மெரெட்டே அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பு வாரை மாட்டுவதுபோல் பக்கத்திலேயே நின்றேன்.

"ஒரு குளிர்காலமா? வேணும்னுதானே சொன்னே?"

"இல்ல. அவ்வளவு ஆகும்."

"முப்பது வருஷமா பசைன்னு சொன்னாலே எழுந்து போயிடுவே. இன்னைக்கு ஒரு நொடில ஒத்துக்கிட்டே. எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "நீ வர வேண்டாம். நான் தனியாச் செஞ்சுக்கறேன்."

"தனியா எப்படிச் செய்வே? ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் பசை வைக்கணும். நான் அக்டோபர்ல போறேன். அது மாறாது. சனிக்கிழமை காலைப் படகுல வருவேன், சாயங்காலப் படகுல போயிடுவேன். கப்பலுக்காக. கேட்டுச்சா? கப்பலுக்காக."

"கேட்டுச்சு."

அப்படித்தான் நடந்தது. அக்டோபரில் அவள் போனாள். நவம்பரில் முதல் சனிக்கிழமை வந்தாள். கப்பல் முழுவதும் பிரிக்கப்பட்டு, எந்தக் கட்டை எந்த வரிசை என்று தட்டுத் தட்டாக ரெக்னர் அடுக்கி வைத்திருந்தான். பசையின் நெடி மூளையைத் துளைத்தது. சன்னல்களைத் திறந்துவைத்து, மூன்று பேரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ரெக்னர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். என் வேலை, குடுவையிலிருந்து காப்பி ஊற்றுவதும், ரொட்டிமேல் மீனும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பதும்.

முதல் சில வாரங்கள் கொடுமை. காரணம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. கட்டும்போது பேசுவதற்கு ஏதாவது இருக்கும். எந்தக் கட்டை, எந்த நிறம், இப்படியா அப்படியா. ஒட்டும்போது எதுவும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே முடிவானது. அவள் எடுத்து நீட்டுவாள், அவன் பசை வைப்பான், அவள் அழுத்துவாள். அந்த 'ரெண்டுக்கு நாலு' பேச்சும் போய்விட்டது. சன்னல் வழியே காற்று உள்ளே வந்து போகும் சத்தம் கேட்டது.

"படகு எப்படி இருந்துச்சு?" என்பான் ரெக்னர்.

"ஆடிச்சு."

பத்து வரிசை ஒட்டிய பிறகு, "காத்து மேற்குல இருந்தா?"

"ம்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூன்று பேர் பேச்சாகிவிடும். எனக்கு அது பெரிய தவம்தான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முன்தளம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரெக்னர் ஒரு மெல்லிய தட்டைக் கட்டையை வைத்து அழுத்தினான். உடனே, "ஐயோ," என்றான்.

"என்ன?"

"ஒரு குமிழ் தள்ளி வச்சுட்டேன்."

இந்தக் கட்டைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மெல்லிய தட்டு இறுகிக்கொண்டால் நகத்தால் வராது. கப்பென்று முன்பல்லால் கடித்துக் கழற்றுவார்கள். முப்பது வருஷப் பழக்கம். பசை என்பது அவன் தலைக்கு எட்டுவதற்குள் வாய் எட்டிவிட்டது. குனிந்து கடித்தான்.

தட்டு வரவில்லை. பல் வந்தது.

"ழெரெட்டே," என்றான், வாயைப் பொத்திக்கொண்டு.

அவள் எட்டிப் பார்த்தாள். முன்பல்லில் பாதியைக் காணோம். மீதி மேல்தளத்தில், கயிறு சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் பொறுக்கவில்லை.

"வலிக்குது!" என்றான் அவன். பிறகு அவனும் சிரித்தான், ஓட்டைப் பல் வழியாகக் காற்றுச் சீறியது.

சிரித்து முடித்ததும் ரெக்னர் கட்டையைப் பார்த்தான். "இதை எடுக்கவே முடியாதே. இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது, அப்படியே இருக்கட்டும்."

"ஒரு குமிழ் தள்ளி இருக்கு மெரெட்டே."

"பக்கத்துல வர்றதையும் ஒரு குமிழ் தள்ளிக்கலாம். உலகம் கவிழ்ந்துடாது."

அவன் நெடுநேரம் யோசித்தான். தவறை வைத்துக்கொண்டு மேலே போவது அவனுக்குப் புதுசு. இத்தனை வருஷம் தப்பானால் கழற்றியிருக்கிறான்.

தீவில் பல் மருத்துவர் கிடையாது. அன்று சாயங்காலப் படகில் அவளோடு அவனும் ஏறினான். மெரெட்டே அங்கே போனதிலிருந்து ஒருமுறைகூட அவன் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை மெரெட்டேதான் எனக்கு அடுத்த வாரம் சொன்னாள், இரண்டு குரலிலும் பேசிக்காட்டி.

அவசரத்துக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார். ஊசி போட்டு, வாய் மரத்துப்போய், கடைக்கு மேலே அவள் அறைக்கு வந்தானாம். ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான். பிரிக்கவோ கட்டவோ எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"கீழ என்ன கடை அது, எதிர்ல?" என்றானாம், வீங்கிய உதட்டோடு.

"சைக்கிள் கடை."

"காலைல சத்தமா இருக்குமா?"

"எட்டு மணிக்கு ஷட்டர் தூக்குவான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்."

"ஏன்?"

மெரெட்டே அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எலினோர், அவன் 'ஏன்'னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"யாரோ எழுந்துட்டாங்கன்னு தெரியுது, அதான்னு சொன்னேன். சன்னல் வழியா அந்த ஷட்டரைப் பாத்தான். அப்புறம், 'உங்கம்மா செத்தப்போ எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல'ன்னான். 'வளைவைப் பத்திச் சொன்னது முட்டாள்தனம்'னான். 'ஞாபகம் இருக்கா உனக்கு?'ன்னு கேட்டேன். 'தினமும்'னான். வாய் கோணிக்கிட்டு, எச்சில் ஒழுகுது, துடைக்கக்கூடத் தெரியல. 'மரத்துப் போனாத்தான் உனக்குப் பேச்சு வருதா'ன்னு கேட்டேன்."

"அழுதியா?"

"சூப் பண்ணிக் குடுத்தேன். வேறென்ன சாப்பிடுவான் அந்த வாயால?"

"அப்ப திரும்பி வரப் போறியா?"

"இல்ல," என்றாள், உடனே. "அந்த அறை எனக்கு வேணும்."

கப்பல் மே மாதம் முடிந்தது. பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று தொங்கவிட்டோம், வழக்கப்படி முகம் பலிபீடத்தைப் பார்க்க. டோர்கில் ஏணியில் ஏறி, பாய்மரம் மூன்றையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எதுவும் விழவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று தோன்றியது. முன்தளம் ஒரு குமிழ் தள்ளியிருப்பது கீழே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஆராதனைக்குப் பிறகு காப்பியும் கேக்கும். எல்லாரும் ரெக்னரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடுத்து என்ன கட்டப் போறே?" என்றாள் போதகர் சிசெல். "நாலு பாய்மரமா? போர்க்கப்பலா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு மணிநேரப் பதில் இருக்கும். புதுப் பல் பளிச்சென்று தெரிய, "தெரியல," என்றான். "இப்போதைக்கு வியாழக்கிழமை ஸ்வென்போர் போறேன். மெரெட்டே அறைல திரைச்சீலை மாட்டணும்."

"அதுக்கு ஒரு நாள் போதுமே."

"மாட்டறதுக்குப் போதும். என்ன நிறம்னு இன்னும் முடிவாகல."

"நான் நீலம்ங்கறேன், அவன் வேண்டாம்ங்கறான்," என்றாள் மெரெட்டே, கேக்கை வெட்டிக்கொண்டே. "ஏன் வேண்டாம்னு ஒரு வாரம் சொன்னான். அப்புறம் நான் ஏன் வேணும்னு ஒரு வாரம் சொன்னேன்."

"ஒரு துணிக்கு இத்தனை பேச்சா?" என்றார் டோர்கில். "ஏதாவது ஒண்ண வாங்கி மாட்டிட்டு வேலையைப் பாருங்க."

"நீங்க சும்மா இருங்க டோர்கில்," என்றாள் மெரெட்டே. "அவன் பச்சைன்னு சொல்லத் தொடங்கியிருக்கான். அது ஏன்னு நான் இன்னும் கேக்கல."