எதிர்வீட்டுக் கையெழுத்து

எங்கள் மாடியில் எட்டு வீடுகள். அவற்றில் ஆறை நான் ஒருவனே காலி செய்தேன், அதுவும் உட்கார்ந்த இடத்தில், ஒற்றைப் பேனாவால். படை திரட்டிக்கொண்டு போனவர்கள்கூட இத்தனை சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

சட்டம் இதுதான். ஓய்வு பெற்றவர் குடியிருக்கும் மாடியில் படிக்கட்டருகே ஒரு பச்சைப் பெட்டி இருக்கும். வாரம் ஒரு புகார், அதே மாடிக்காரர் ஒருவர்மீது, அவர் எழுதிப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் சாம்பல் நிற வண்டி அவரையே ஏற்றிக்கொள்ளும். ஓய்வு பெற்றவர் இல்லாத மாடிக்குப் பெட்டி கிடையாது.

முப்பத்தெட்டு வருடம் தபால் பிரித்தவன் நான். ஊரார் எழுதியதைப் பை பையாகச் சுமந்தேனே தவிர, நான் எழுதியதை ஓர் ஈகூடப் படித்ததில்லை. என் முதல் புகாரைப் படித்துவிட்டு ஆய்வாளர் வீடு தேடி வந்தார். "என்ன கை சார் உங்களுக்கு! ஆபீஸே சுத்தி உக்காந்து படிச்சோம்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழாய்க்காரரும் மனைவியும் ஒரு தட்டுக்காகச் சண்டை போட்டார்கள். பாத்திரங்கள் பறந்து கூரை பெயர்ந்தது என்று எழுதினேன். பஸ் டிரைவர் குறட்டை விட்டார்; எல்லைக்கு அப்பால் சங்கேதம் அனுப்புகிறார் என்று எழுதினேன். சிரிப்பில் பேனா குலுங்கும். வண்டி வந்து போகும். நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஞ்சியவள் எதிர்வீட்டுத் தையல்காரி, அந்த டிரைவரின் தங்கை. அண்ணனைப் பற்றி எழுதியது கோடிவீட்டில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் என்று நம்பினாள். அப்படிச் சொன்னவனும் நான்தான். வாத்தியாரையும் பிறகு வண்டியில் ஏற்றிவிட்டேன்.

தினமும் காலையில் என் கதவை இரண்டு தட்டு தட்டுவாள்.

"பெரியவரே, இருக்கீங்களா, கிளம்பிட்டீங்களா?"

"எமன் வந்தான்மா. என் பேச்சைக் கேட்டுட்டுத் தலைதெறிக்க ஓடிட்டான்."

சிரித்துக்கொண்டே படியிறங்குவாள். அதன்பின் மறுநாள் காலைவரை என்னோடு பேசுவது சொட்டுகிற குழாய் மட்டும்தான்.

இந்த வாரம் எழுத வேறு ஆள் இல்லை. மிஷினோடு சேர்ந்து அவள் ஏதோ முணுமுணுப்பாள். அது போதாதா? எதிரி நாட்டுக் கொடி தைக்கிறாள், எட்டு ஊரை மூடும் நீளம் என்று ஆரம்பித்தேன். அருமையாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தட்டினாள். பேனா கொடிப் பாதியில் நின்றது. மறுபடி தட்டினாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"என்ன பெரியவரே, சத்தமே காணோம்? ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு!"

முகம் வெளுத்திருந்தது. எனக்காக. நான் காகிதத்தின்மேல் முழங்கையை வைத்து மறைத்தேன்.

அவள் போனதும் அதைக் கிழித்தேன். புதுத் தாளில் என்மீதே புகார் எழுதினேன். தன்மீது தானே எழுதினால் எதிர்வீட்டார் கையெழுத்து வேண்டும் என்பது விதி. மாலையில் கொண்டுபோனேன். கழுத்தில் டேப்போடு நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"வாத்தியார்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"இதுல நீங்க ஏத்தி எழுதினது எது?"

"எதுவும் இல்லம்மா. தேடிப் பார்த்தேன், ஏத்த இடமே இல்ல."

கையெழுத்துப் போட்டாள். அவள் விரலிலிருந்த சாக்பீஸ் தூள் தாளின் ஓரத்தில் ஒட்டியது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாளைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இன்று காலை சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். அவளைப் பற்றி எழுத இந்த மாடியில் ஆள் இருக்காது.

தட்டும் நேரம் தாண்டிவிட்டது. சாத்திய கதவைப் பார்த்து, "இருக்கேன்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

எதிரே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வண்டி வந்து நின்றதும் அதுவும் நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.