இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

எங்கள் ஊரில், முப்பது வருடம் யாரும் கேட்காத பாட்டு காலை ஏழே கால் பஸ்ஸில் வந்து இறங்கும். கடைசியாக அதைக் கேட்டவர் யாரோ, அவர் வீட்டுக்குப் போகும். அங்கே நாற்பத்தெட்டு நாள் தங்கலாம். அதற்குள் ஊரில் யாராவது ஒருவர் தன்னை அறியாமல் அதை முணுமுணுத்துவிட்டால், பதிவேட்டில் எழுதி ஊரிலேயே இருக்க விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் நாற்பத்தொன்பதாம் நாள் அதே பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போன பாட்டு மறுபடி வருவதில்லை.

வேண்டுமென்று முணுமுணுத்தால் செல்லாது. குளிக்கும்போதோ வெங்காயம் நறுக்கும்போதோ தானாக வாயில் வர வேண்டும். போன வருடம் ஒரு வாத்தியார் இரக்கப்பட்டு ஒரு பாட்டை வேண்டுமென்றே முணுமுணுத்துக் காட்டினார். பதிவாளர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதாமலே போய்விட்டார்.

என் வீட்டுக்குப் பாட்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்தவள் என் மனைவி பூங்கோதை.

"ஏனுங்க, உங்களைத் தேடி ஒரு பாட்டு வந்திருக்குது" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

பாட்டுகள் பார்க்க மனிதர்களைப் போலத்தான் இருக்கும். வயது ஏறாது, உடுப்பு மட்டும் பழசாகும். இது முப்பது வயது ஆள் மாதிரி இருந்தது. நீளக் காலர் வைத்த வெளிர் நீலச் சட்டை, தோள்பட்டையில் நைந்துபோயிருந்தது. கையில் ஒரு துணிப்பை. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தேள் கொட்டிய திருடனைப் போல வாயைத் திறக்காமல் நின்றேன்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றது பாட்டு.

கூடத்தில் நாற்காலியைக் காட்டினேன். அது நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. காப்பி கொண்டுவந்த பூங்கோதை, ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டாள்.

"பழக்கமாயிருச்சுங்க" என்றது பாட்டு.

"வெளிச்சம் கண்ணைக் கூசுதாம்" என்றேன் நான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்வரலயா ரெக்கார்டிங் சென்டர் என்று ஒரு கடை பதினாறு வருடம் இருந்தது. அது என்னுடையது. அந்தக் காலத்தில் ஜனங்கள் நோட்டுத் தாளைக் கிழித்து, வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். இசைத்தட்டிலிருந்து அதே வரிசையில் பதிந்து இரண்டு நாளில் கொடுப்பேன். முதல் வரியைச் சொன்னால் படத்தைச் சொல்வேன். படத்தைச் சொன்னால், பாட்டு எந்தக் காட்சியில் வருகிறது என்று சொல்வேன். ஊரில் யாருக்காவது பாட்டு விஷயத்தில் தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள். தெரியாது என்ற சொல்லை அந்தக் கடையில் நான் சொன்னதே கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பொள்ளாச்சி ரோட்டில் தையற்கடை வைத்திருந்த லோகநாயகி ஒருநாள் பன்னிரண்டு பாட்டுகள் எழுதிய தாளோடு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். பதினோரு பாட்டுகள் எல்லோரும் கேட்கிறவை. பன்னிரண்டாவது, நாலே நாள் ஓடிய ஒரு படத்தில் வருவது.

"மேட்னி பார்த்தனுங்க. அந்தப் பாட்டு வந்ததும் எல்லாரும் பீடி பிடிக்க வெளிய போயிட்டாங்க. நான் மட்டுந்தான் உக்காந்து கேட்டேன்" என்றாள்.

எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்படி ஒரு பாட்டே கிடையாது அம்மிணி" என்றேன்.

அவள் விடவில்லை. சின்னக் குரலில், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி, பல்லவியைப் பாடிக் காட்டினாள். அவ்வளவு பேர் முன்னால் பாட அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

"இது நீங்களே கட்டுனதாட்டம் இருக்குதே" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். சரியாகச் சொன்னால் முதலில் சிரித்தது நான்தான். லோகநாயகி தாளை வைத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாவது இடத்தில் எனக்குப் பிடித்த வேறு ஒரு பாட்டைப் பதிந்து கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து அலமாரியைத் துடைத்தபோது அந்தப் பாட்டு அகப்பட்டது. என் கடையில் இசைத்தட்டுகளின் முதல் பக்கம் தேய்ந்திருக்கும், இரண்டாம் பக்கம் புத்தம் புதிதாக இருக்கும். யாரும் கேட்காததால் நான் திருப்பியதில்லை. அப்படித் திருப்பாத ஒரு தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக அது இருந்தது. மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை கேட்டேன். நாலு நிமிடம் பத்து விநாடி. அதைப்போல ஒன்றை நான் அதுவரை யாருக்கும் பதிந்து கொடுத்ததில்லை. கேட்டு முடித்ததும் தட்டை உறையில் போட்டு, பெயர் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகும் லோகநாயகி இரண்டு தடவை வந்து, பாட்டு வந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லாத பாட்டு எப்படி வரும் என்று இரண்டு தடவையும் சொன்னேன். முதல் நாள் நான் சொன்னதற்குத் தெரியாமை என்று பெயர் வைக்கலாம். பிறகு சொன்னதற்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அந்தச் சோற்றை ஆயுசு முழுக்கப் பரிமாற வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

வீட்டில் பாட்டு யாருக்கும் தொந்தரவு தரவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, சுவரைப் பார்த்தபடி, தன்னைத் தானே பாடும். பிறகு தட்டைக் கழுவி வைக்கும். பூங்கோதைக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை நல்ல பாட்டு எப்படி யார் காதிலும் விழாமல் போனது என்று பத்து நாளைக்கு ஒருதரம் கேட்பாள். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வேன். இருபத்திரண்டாம் நாள் துணி அலசும்போது அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஓடிப்போய்க் கேட்டால் அது ஒரு சலவை சோப்பு விளம்பரம்.

எனக்கு அது தினமும் தொண்டை வரை வந்தது. ஆனால் வாய்க்கு வரும் வழியில், அப்படி ஒரு பாட்டே கிடையாது என்று நான் சொன்னது குறுக்கே நின்றுகொண்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

நாற்பதாம் நாள் பாட்டுப் பதிவாளர் நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். ஆள் நல்லவர், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த மெட்டை முப்பது வருசமா தெனமும் ஒருத்தர் முணுமுணுத்துட்டு இருக்காங்களே" என்றார்.

"அப்புறம் ஏன் இது இங்க வந்திருக்குது?" என்றாள் பூங்கோதை.

"சொந்தப் பாட்டுன்னு பதிவாயிருக்குதுங்க. கட்டியவர் லோகநாயகி, தையற்கடை. அவங்க முணுமுணுக்கறதெல்லாம் அந்தச் சொந்தப் பாட்டுக் கணக்குல போயிருது. இதுக்கு ஒண்ணும் வர்றதில்லை."

"மாத்த முடியாதுங்களா?"

"மாத்தலாமுங்க. அப்படி ஒரு பாட்டு இல்லைன்னு முதல்ல சொன்னவங்க யாரோ, அவங்க 'நான் சொன்னது பொய்'யின்னு எழுதிக் குடுக்கோணும். குடுத்தா அந்தம்மா பேரை அடிச்சுட்டு இந்தப் பாட்டை எழுதிக்கலாம்."

"யாரு சாமி அப்படிச் சொன்னது?" என்றாள் பூங்கோதை.

"யாரோ" என்றேன். பாட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் ஒன்றரை வரிதான். எழுத ஏழு நாள் ஆயிற்று. கடையில் இசைத்தட்டு இருந்தும் அப்படி ஒரு பாட்டு இல்லை என்று நான் சொன்னது பொய், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லோகநாயகியிடம் முதலில் சொல்லிவிட்டுப் பதிவாளரிடம் கொடுக்கலாம் என்று நாற்பத்தெட்டாம் நாள், புதன்கிழமை, கிளம்பினேன். தான் கேட்டது உண்மைதான் என்று தெரிந்தால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பாட்டும் கூட வந்தது.

தையற்கடை அதே இடத்தில் இருந்தது. உள்ளே மிஷின் ஓடும் சத்தமும் கூடவே முணுமுணுப்பும் கேட்டன. அதே பல்லவி, அதே முதல் சரணம். பாட்டு வாசற்படியில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மறு செருப்பைக் கழற்ற மறந்து நின்றது. இரண்டாவது சரணம் மட்டும் வேறாக இருந்தது. ஒரே ஒரு தடவை கேட்டதில் அவளுக்கு அந்தப் பகுதி நினைவில் நின்றிருக்காது. அவளாகவே ஒன்றைப் போட்டு நிரப்பியிருந்தாள்.

லோகநாயகி தலைநிமிர்ந்து பார்த்து மிஷினை நிறுத்தினாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டாள்.

"வாங்கண்ணா. அதிசயமா இந்தப் பக்கம் வந்திருக்கீங்க" என்று முக்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

"அம்மிணி, அந்தப் பாட்டு விசயமா வந்தேன்" என்றேன்.

"நான் கட்டுனதுங்களா?"

கடிதத்தை எடுக்கக் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன்.

"உங்களுக்கு நான் எப்பவோ நன்றி சொல்லியிருக்கோணும்ணா" என்றாள். "நீங்க சொன்ன அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். ஊருக்கே பாட்டு தெரிஞ்ச மனுசன், அவரே இல்லைங்கறாரே, அப்ப நான் எங்க கேட்டேன்னு ஒரே குழப்பம். ரெண்டு தடவை வந்து கேட்டும் பார்த்தேன். இல்லைன்னுட்டீங்க. அப்புறந்தான் புரிஞ்சுது. இல்லாத பாட்டு எனக்குள்ள ஓடுதுன்னா, நான்தான கட்டியிருக்கோணும். அந்த நெனப்புலயே முப்பது வருசம் மிஷின் மிதிச்சுட்டேன். நான் கட்டுனது இது ஒண்ணுதாங்க. ஆனா ஒண்ணு கட்டியிருக்கேன்."

கடிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். இத்தனை வயதில் இப்படி ஒரு வெட்கத்தை நான் அனுபவித்ததில்லை. அவள் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உதவிக்குப் பாட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"இவரு யாருங்க?" என்றாள் லோகநாயகி.

"சட்டைக்கு அளவு குடுக்க வந்தேனுங்க. இது நைஞ்சு போச்சு" என்றது பாட்டு.

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தோள், கை, கழுத்து என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் குறித்தாள். அளக்கும்போது தன்னை அறியாமல் முணுமுணுத்தாள். பாட்டு கையை அகல விரித்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கழுத்திலிருந்து டேப்பைத் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"நீளம் நாலு நிமிசம் பத்து செகண்டு" என்று எழுதிக்கொண்டாள். "சனிக்கிழமை வாங்கிக்குங்க."

மறுநாள் காலை பாட்டோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். என் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். பாட்டு அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"அவங்க போட்ட ரெண்டாவது சரணம் என்னோடதைவிட நல்லா இருக்குதுண்ணா" என்றது.

"இன்னும் நேரமிருக்குது. இப்பவே போய்ச் சொல்லிட்டு நாச்சிமுத்துகிட்டக் கடுதாசியைக் குடுத்தர்றேன்" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு மட்டுந்தான் நல்லா இருக்கும்ணா" என்றது பாட்டு.

அது கையை நீட்டியது. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படிக்காமலே மடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டது. ஏழே கால் பஸ் ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. ஜன்னலோர இடம் காலியாக இருந்தும் பாட்டு உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை தையற்கடைக்குப் போனேன்.

"அவரு வரலீங்களா?" என்றாள் லோகநாயகி.

"ஊருக்குப் போயிட்டாரு. இனி வரமாட்டாரு."

அவள் தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து விரித்தாள். வெளிர் நீலத்தில், அதே நீளக் காலர் வைத்துத் தைத்திருந்தாள்.

"அப்ப நீங்களே போட்டுக்குங்கண்ணா. உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சரியாகத்தான் இருக்கிறது. பூங்கோதைகூட, உங்களுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்றாள். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நாலு நிமிடம் பத்து விநாடி ஆனதும் சட்டை முடிந்துவிடும். நான் வெறும் உடம்போடு நிற்பேன், அது ஆணியில் பழையபடி தொங்கிக்கொண்டிருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முதல் பொத்தானிலிருந்து மறுபடி போட ஆரம்பிக்கிறேன்.